பாயில் விரித்த ஃபிரீசெல்

"மாமா, போன்ல எண்டா அஞ்சு காட்ஸை ஒண்டாத் தூக்கி வைக்கலாம். பாயில வெச்சு விளையாடக்குள்ள மட்டும் ஏன் ஏலாது?"

அக்காவின் மகள் இப்படிக் கேட்டது 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில். இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலம் அது. மட்டக்களப்பு கல்லடியில் அக்கா வீட்டு விறாந்தையில் பன்பாயை விரித்து, அதன் மேல் 52 சீட்டுகளையும் முகம் தெரியப் பரப்பி, ஃபிரீசெல் என்ற, ஒருவர் தனியாக ஆடும் சீட்டாட்டத்தை நான் விளையாடிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோனதால் அருகில் வந்து அமர்ந்தவள், நான்கு சீட்டுகள் கொண்ட ஒரு தொடரை அப்படியே அள்ளி இன்னொரு நிரலில், அதாவது மேலிருந்து கீழாக இறங்கும் இன்னொரு சீட்டு வரிசையில், வைக்கப் போனாள், நான் தடுத்தேன். ஒரு தடவையில் ஒரு சீட்டை மட்டுமே நகர்த்தலாம் என்பது இந்த ஆட்டத்தின் விதி என்று சொன்னேன். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்த விடை போதவில்லை. விதி ஒன்றுதான் என்றால் தொலைபேசி அதை எப்படி மீறுகிறது என்று அவள் திரும்பக் கேட்டாள்.

விடையை அன்றைக்கே இருவருமாகச் சேர்ந்து கண்டுபிடித்தோம். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கணினியிலும் தொலைபேசியிலும் ஃபிரீசெல் விளையாடும் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலானோர் வெல்கிறார்கள். எப்படி வென்றோம் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடிவதில்லை. தோற்றால், சீட்டு சரியாக விழவில்லை என்கிறார்கள். சீட்டு விழுந்த விதத்தின் மேல் பழி போட மிகக் குறைவாகவே இடமுள்ள ஓர் ஆட்டத்தைப் பற்றி இப்படிப் பேசப்படுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதனால் என் கருத்தை இங்கே எழுதி வைக்கிறேன்: ஃபிரீசெல்லைக் கற்க விரும்புகிறவர் முதலில் உண்மையான சீட்டுக்கட்டை எடுத்து, நிலத்தில் விரித்து, ஒவ்வொரு சீட்டாகக் கையால் நகர்த்திக் கற்க வேண்டும். பிறகு திரைக்குப் போகலாம்.

304 கட்டும் 52 சீட்டுகளும்

எங்கள் பக்கத்தில் சீட்டுக்கட்டு என்றால் 304 ஆட்டம்தான் நினைவுக்கு வரும். அதில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று மதிப்பு ஏறும். இரண்டு முதல் ஆறு வரையான சீட்டுகளுக்கு வேலையே இல்லை. 32 சீட்டுகளை வைத்துக்கொண்டு மீதி 20ஐயும் ஒதுக்கிவிடுவோம். ஆகவே 304 விளையாடப்படும் வீட்டில் உள்ள ஒரு பழைய கட்டைப் பிரித்துப் பார்த்தால், 32 சீட்டுகள் மூலை மடிந்து அழுக்கேறியும், 20 சீட்டுகள் கடையில் வாங்கிய நாள் போலவும் இருக்கும். இப்படிப்பட்ட கட்டை இன்னொரு ஆட்டத்துக்கு எடுக்க முடியாது. முதுகைப் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடலாம். ஃபிரீசெல்லுக்கு மட்டும் அது தாராளமாகப் போதும், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் எந்தச் சீட்டும் முகம் கவிழ்ந்து கிடப்பதில்லை. ஒதுக்கி வைத்த 20ஐயும் தேடி எடுத்து 52 இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டால் ஆட்டத்துக்குத் தயார்.

கணினியில் எல்லோரும் பார்த்திருக்கும் சொலிடேர், அதாவது குளொண்டைக் என்ற ஆட்டம், இதற்கு நேர்மாறான இயல்புடையது. அதில் ஆட்டம் தொடங்கும்போது 52 சீட்டுகளில் ஏழு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். 45 சீட்டுகள் மறைந்திருக்கும். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே முடிவெடுக்க வேண்டியிருப்பதால் அங்கே அதிர்ஷ்டத்துக்குப் பெரிய இடமுண்டு. ஃபிரீசெல்லில் சீட்டைப் பரப்பி முடிந்த கணத்தோடு அதிர்ஷ்டத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் விளையாடுகிறவரின் சிந்தனை.

விரிக்கும் முறையும் விதிகளும்

கட்டை நன்றாகக் கலைத்துவிட்டு, இடமிருந்து வலமாக எட்டுச் சீட்டுகளை வரிசையாக வையுங்கள். அவற்றின் மேல் இரண்டாவது வரிசையை, கீழே உள்ள சீட்டின் எண்ணும் இனமும் தெரியும்படி சற்று இறக்கி வையுங்கள். இப்படி ஆறு வரிசை வைத்தால் 48 சீட்டுகள் முடியும். மிஞ்சும் நான்கையும் இடப்பக்கத்து நான்கு நிரல்களில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஆகவே முதல் நான்கு நிரல்களில் ஏழேழு சீட்டுகளும் அடுத்த நான்கில் ஆறாறு சீட்டுகளும் இருக்கும். நிரல்களுக்கு மேலே, இடப்பக்கத்தில் நான்கு சீட்டுகள் வைக்கும் அளவுக்கும் வலப்பக்கத்தில் நான்கு சீட்டுகள் வைக்கும் அளவுக்கும் பாயில் இடம் விட்டுவிடுங்கள். இடப்பக்கத்து நான்கையும் அறைகள் என்றும் வலப்பக்கத்து நான்கையும் வீடுகள் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

ஆட்டத்தின் நோக்கம், இஸ்பேட், ஆட்டின், டயமன், கிளாவர் என்ற நான்கு இனங்களையும் தனித்தனி வீட்டில் ஆஸ் தொடங்கி ராஜா வரை ஏறுவரிசையில் அடுக்கி முடிப்பது. ஒவ்வொரு நிரலிலும் எதனாலும் மூடப்படாமல் நுனியில் இருக்கும் சீட்டை மட்டுமே எடுக்கலாம். அதை வீட்டுக்கு அனுப்பலாம். இன்னொரு நிரலின் நுனியில் வைக்கலாம். அல்லது அறையில் வைக்கலாம். நிரலில் வைப்பதானால் எண் ஒன்று குறைய வேண்டும், நிறமும் மாற வேண்டும்: கறுப்பு ஒன்பதின் மேல் சிவப்பு எட்டு, சிவப்பு எட்டின் மேல் கறுப்பு ஏழு. ஓர் அறையில் ஒரு சீட்டுத்தான் இருக்கலாம். அது எந்தச் சீட்டாகவும் இருக்கலாம். ஒரு நிரல் முழுதும் தீர்ந்துவிட்டால் அந்த வெற்றிடத்திலும் எந்தச் சீட்டையும் வைக்கலாம். குளொண்டைக்கில் வெறும் நிரலுக்கு ராஜா மட்டுமே போக முடியும் என்பதால், அந்த ஆட்டத்திலிருந்து வருகிறவர்கள் இந்தச் சுதந்திரத்தைப் பல நாட்கள் கவனிப்பதே இல்லை.

இவ்வளவுதான் விதிகள். ஒரு தடவையில் ஒரு சீட்டு என்பதும் இவற்றுள் அடங்கும். என் மருமகளின் கேள்வி இந்த இடத்தில்தான் எழுந்தது.

ஒன்பது அசைவுகள்

அப்போது பாயில் இருந்த நிலையைச் சொல்கிறேன். ஒரு நிரலின் நுனியில் கிளாவர் 9, ஆட்டின் 8, இஸ்பேட் 7, டயமன் 6 என்ற தொடர் நிறம் மாறி மாறி அழகாக இறங்கியிருந்தது. வேறொரு நிரலின் நுனியில் டயமன் 10 காத்திருந்தது. நான்கு அறைகளில் மூன்று நிரம்பியிருந்தன. ஒன்று வெறுமையாக இருந்தது. அதோடு ஒரு நிரலும் வெறுமையாக இருந்தது. நான்கு சீட்டையும் பத்தின் மேல் கொண்டுபோக வேண்டும். தொலைபேசியில் விரலால் ஒரு தடவை இழுத்தால் போதும்.

கையால் செய்து காட்டுகிறேன் என்று தொடங்கினேன். முதலில் ஆறை அறையில் வைத்தேன். ஏழை வெறும் நிரலில் வைத்தேன். அறையில் இருந்த ஆறை எடுத்து அந்த ஏழின் மேல் வைத்தேன். அறை திரும்பவும் வெறுமையானது. எட்டை அந்த அறையில் வைத்தேன். ஒன்பது இப்போது நுனியில் தனியாக நின்றது; அதைப் பத்தின் மேல் வைத்தேன். எட்டு அறையிலிருந்து ஒன்பதின் மேல் வந்தது. அறை மீண்டும் வெறுமை. ஏழின் மேல் இருந்த ஆறை அறைக்கு எடுத்தேன், ஏழை எட்டின் மேல் வைத்தேன், கடைசியாக ஆறை ஏழின் மேல் வைத்தேன். ஒன்பது அசைவுகள் முடிந்தபோது நான்கு சீட்டுகளும் பத்தின் மேல் இருந்தன. வெறும் அறையும் வெறும் நிரலும் முன்பிருந்தபடியே வெறுமையாக இருந்தன.

"அப்ப போன் ஒண்டாத் தூக்கயில்ல மாமா. இவ்வளவையும் ஒளிச்சிச் செய்யிது" என்றாள். அதுதான் விடை. தொலைபேசி விதியை மீறவில்லை. ஒன்பது அசைவுகளை ஓர் இழுப்புக்குள் சுருக்கி, நடுவில் நடந்ததை நம் கண்ணிலிருந்து எடுத்துவிடுகிறது. சில வேளைகளில் இடம் போதாமல் அது மறுக்கும்போது, ஏன் மறுக்கிறது என்பது விளையாடுகிறவருக்குப் புரிவதில்லை. பழைய விண்டோஸ் ஃபிரீசெல் இத்தனை சீட்டை நகர்த்தப் பார்க்கிறீர்கள், இத்தனைக்குத்தான் இடமுண்டு என்று ஒரு செய்தியைக் காட்டும். அதிலும் எண் தெரியுமே தவிர, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது.

அது எங்கிருந்து வருகிறது என்பதை அவள் அன்று மாலைக்குள் கொப்பியில் எழுதிவிட்டாள். வெறும் அறைகள் மட்டும் இருந்தால், அவற்றின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிய அளவு சீட்டுகளை நகர்த்தலாம்: மூன்று அறை இருந்தால் மூன்றை அவற்றில் வைத்துவிட்டு நான்காவதை நேரே கொண்டுபோய், பின்னர் மூன்றையும் எடுத்து அடுக்கலாம். ஒரு வெறும் நிரலும் சேர்ந்தால் அந்த அளவு இருமடங்காகும். ஏனென்றால் அறைகளைக் கொண்டு நகர்த்தக்கூடிய அளவை முதலில் வெறும் நிரலுக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு சிறிய தொடராக நிறுத்திவிடலாம். அப்போது அறைகள் எல்லாம் திரும்பவும் வெறுமையாகிவிடும். அதே அறைகளைக் கொண்டு மீதியை உரிய இடத்துக்குக் கொண்டுபோய், நிறுத்தி வைத்ததை அதன் மேல் கொண்டுவரலாம். இரண்டு வெறும் நிரல் இருந்தால் நான்கு மடங்கு. இரண்டு அறையும் ஒரு நிரலும் வெறுமையாக இருந்தால் மூன்றின் இருமடங்கு, ஆறு சீட்டுகள். ஆனால் தொடரைக் கொண்டுபோய் வைக்கும் இடமே அந்த வெறும் நிரலாக இருந்தால் அது கணக்கில் வராது. மூன்று சீட்டுகள்தான் போகும். இந்தக் கடைசி வேறுபாட்டை அறியாமல் கடைசி வெறும் நிரலை நோக்கி நீண்ட தொடரை இழுத்துவிட்டுத் திகைத்து நிற்பவர்கள் ஏராளம்.

எனக்கு இந்தக் கணக்கு முன்பே ஓரளவு தெரியும். அதைச் சொல்லாமல் சீட்டை அவள் கையில் கொடுத்தது நல்லதாயிற்று என்று இன்றும் நினைக்கிறேன். இருமடங்கு என்பதைச் சூத்திரமாகக் கேட்டிருந்தால் அவள் மனப்பாடம் செய்திருப்பாள். ஆறும் ஏழும் வெறும் நிரலில் போய் நின்று, அறை திரும்ப வெறுமையாவதைத் தன் விரலால் செய்து பார்த்ததால், அந்த இருமடங்கு அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பாகிவிட்டது. மட்டக்களப்பு ரயில் நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. வந்த இயந்திரம் திரும்பிப் போவதற்காகப் பெட்டிகளின் மறுமுனைக்கு வர வேண்டுமானால், பக்கத்தில் ஒரு பாதை வெறுமையாக இருந்தாக வேண்டும். அந்தப் பாதையிலும் பெட்டிகளை நிறுத்திவிட்டால் இயந்திரத்தில் எவ்வளவு வலு இருந்தும் பயனில்லை. ஃபிரீசெல்லின் வெறும் நிரலும் அத்தகையதே. அதை நிரப்பக் கிடைத்த இடமாகப் பார்ப்பவர் தோற்கிறார். எல்லாவற்றையும் நகர்த்த உதவும் பாதையாகப் பார்ப்பவர் வெல்கிறார்.

முதல் சீட்டைத் தொடுவதற்கு முன்

இந்தக் கணக்கு கைக்கு வந்தபின் ஆட்டத்தைத் தொடங்கும் முறையே மாறிவிடுகிறது. புதியவர்கள் சீட்டுகளைப் பரப்பியதும் எந்தச் சீட்டை எதன் மேல் வைக்கலாம் என்று தேடுவார்கள். எட்டு நுனிகளில் எங்காவது ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்யும். அதை வைத்துவிட்டு அடுத்ததைத் தேடுவார்கள். சிறிது நேரத்தில் நான்கு அறைகளும் நிறைந்துவிடும். நான் பரிந்துரைப்பது வேறு. சீட்டைத் தொடாமல் முதலில் நான்கு ஆஸ்களும் நான்கு இரண்டுகளும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அவற்றில் எது அதிகம் புதைந்திருக்கிறது, அதன் மேல் எத்தனை சீட்டுகள் உள்ளன, அந்தச் சீட்டுகள் ஒவ்வொன்றும் எங்கே போக முடியும் என்று கேளுங்கள். ஆஸ் வெளியே வராமல் அந்த இனத்தில் ஒரு சீட்டுக்கூட வீட்டுக்குப் போகாது. ஆகவே அந்த நிரலை எப்படியும் தோண்டத்தான் வேண்டும்.

அடுத்து, எந்த நிரலை முதலில் வெறுமையாக்குவது என்று முடிவு செய்யுங்கள். ஆறு சீட்டு நிரல்கள் இயல்பாகவே எளிது. அடியில் ராஜா இருக்கும் நிரலை இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ராஜாவை வைக்கத்தக்க இன்னொரு சீட்டு கிடையாது என்பதால் அவர் போகக்கூடிய இடம் இன்னொரு வெறும் நிரலோ ஆட்டத்தின் முடிவில் வீடோதான். அடியில் கிடக்கும் ராஜா அங்கேயே கிடப்பது நல்லது. அவர் மேல் ராணி, ஜாக் என்று நீண்ட தொடர் இறங்கலாம். இதே காரணத்தால் ராஜாவை அறையில் வைப்பதும் பெரிய செலவு. ஓர் அறையில் ராஜா நுழைந்தால் அந்த அறை நெடுநேரத்துக்கு நம்முடையதல்ல.

அறையில் ஒரு சீட்டை வைக்கும்போது, இது எப்போது, எதன் மேல் வெளியே வரும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கிளாவர் 5ஐ அறையில் வைக்கிறோம் என்றால், ஆட்டின் 6 அல்லது டயமன் 6 அடுத்த இரண்டு மூன்று அசைவுகளுக்குள் ஒரு நுனியில் வெளிப்படுமா என்பது கண்ணுக்குத் தெரிகிறது. எல்லாச் சீட்டுகளும் முகம் காட்டித்தான் கிடக்கின்றன. விடை கிடைத்தால் அந்த அறை கடனாகக் கொடுக்கப்பட்டு விரைவில் திரும்பி வரும். கிடைக்காவிட்டால் அது போன அறைதான். மூன்று அறைகள் இப்படிப் போய்விட்டால், வெறும் நிரலும் இல்லாத நிலையில், அதற்குப் பிறகு இரண்டு சீட்டுத் தொடரை மட்டுமே நகர்த்த முடியும். நான்கும் போய்விட்டால் ஒரு சீட்டு மட்டும். ஆட்டம் முடிந்துவிட்டது என்று திரை அறிவிப்பதற்கு வெகு முன்பே அது முடிந்திருக்கும். பாயில் விளையாடுகிறவருக்கு அது கையிலேயே தெரிந்துவிடும், தொடரைப் பிரித்து வைக்க இடம் தேடி விரல் நிற்கும்போது.

வீட்டுக்கு அனுப்புவதிலும் அவசரம் வேண்டாம். சீட்டு வீட்டுக்குப் போவது முன்னேற்றம் போலத் தோன்றுவதால் எல்லோரும் உடனே அனுப்பிவிடுகிறார்கள். ஆட்டின் 5ஐ வீட்டுக்கு அனுப்பிவிட்டால், எங்கோ நிற்கும் கிளாவர் 4க்கு அமர இருந்த இரண்டு இடங்களில் ஒன்று போய்விட்டது. கறுப்பு 4கள் இரண்டும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சிவப்பு 5ஐத் தயங்காமல் அனுப்பலாம், அதன் மேல் வந்து அமரப்போகிற சீட்டு எதுவும் மிச்சமில்லை. ஒன்று இன்னும் வெளியே இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆஸுக்கும் இரண்டுக்கும் இந்த யோசனை தேவையில்லை. அவை எப்போதும் போகலாம். கணினியில் பல வடிவங்கள் இந்தச் சோதனையைத் தாங்களே செய்து சீட்டுகளைத் தானாக வீட்டுக்கு ஏற்றிவிடுகின்றன. விளையாடுகிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு முடிவை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது என்பதே எனக்கு அதில் உள்ள குறை.

திரையில் பிறந்த ஆட்டம்

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஃபிரீசெல் பாயில் பிறந்து திரைக்குப் போன ஆட்டமல்ல. 1978இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த பால் அல்ஃபில்லே, பிளேட்டோ என்ற கற்பித்தல் கணினி அமைப்பில் இதை எழுதினார். அதற்கு முன் 1968 ஜூன் மாதத்தில் மார்ட்டின் கார்ட்னர் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் தமது கணிதப் பத்தியில் விவரித்த, பேக்கரின் ஆட்டம் என்று பெயர் பெற்ற ஒன்று இருந்தது. அதில் நிரலில் ஒரே இனத்தின் மேல் அதே இனத்தைத்தான் வைக்க வேண்டும். அல்ஃபில்லே அதை நிறம் மாறி அடுக்கும்படி மாற்றினார். அந்த ஒரு மாற்றத்தில் ஃபிரீசெல் பிறந்தது. பின்னர் ஜிம் ஹோர்ன் அதை விண்டோஸுக்கு எழுதினார். விண்டோஸ் 95 வழியாக உலகெங்கும் உள்ள மேசைகளுக்கு அது வந்து சேர்ந்தது. இந்த ஆட்டத்தைத் திரைக்கு முந்திய ஒன்றாகப் பேசுவது எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம்.

திரை இந்த ஆட்டத்துக்குச் செய்த பெரிய நன்மையை மறுப்பதற்கில்லை. ஹோர்னின் வடிவத்தில் சீட்டு விரிப்புகளுக்கு 1 முதல் 32,000 வரை எண்கள் இருந்தன. ஒரே எண்ணைத் தட்டினால் மட்டக்களப்பில் இருப்பவருக்கும் மொன்றியலில் இருப்பவருக்கும் ஒரே விரிப்புத்தான் வரும். இந்த வசதியைக் கொண்டு 1994இல் டேவ் ரிங் என்பவர் இணையத்தில் தன்னார்வலர்களைத் திரட்டி, 32,000 விரிப்புகளையும் பகிர்ந்துகொடுத்து ஒவ்வொன்றாக விளையாடச் செய்தார். 1995இல் அந்த முயற்சி முடிந்தபோது ஒரே ஒரு விரிப்பு மட்டும் எவருக்கும் வசப்படாமல் நின்றது: 11982. பின்னர் கணினி மென்பொருட்கள் எல்லா வழிகளையும் தேடிப் பார்த்து, அதற்குத் தீர்வே இல்லை என்று காட்டின. எண்கள் பத்து இலட்சம் வரை நீட்டப்பட்டபோதும் தீர்வற்றவை எட்டு மட்டுமே. கட்டைக் கலைத்துப் பாயில் விரிக்கும் விரிப்பு இந்த எண்களுக்குள் அடங்காது, ஆனாலும் அது தீர்க்கக்கூடியதாக இருக்கும் என்று ஏறக்குறைய முழு நம்பிக்கையோடு உட்காரலாம். இந்த நம்பிக்கையைத் திரைதான் நமக்குக் கொடுத்தது.

ஆயினும் பிளேட்டோ திரையின் முன் அமர்ந்து இதை முதலில் விளையாடியவர்கள் சீட்டைக் கையில் பிடித்து வளர்ந்த தலைமுறையினர் என்றே நினைக்கிறேன். ஒரு சீட்டை எடுத்தால் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி அவர்கள் விரல்களில் ஏற்கெனவே இருந்திருக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த முன்னறிவு இல்லை. அவர்கள் முதலில் சந்திப்பது சுருக்கப்பட்ட வடிவத்தை. அதோடு, பின்வாங்கும் பொத்தானும் குறிப்புக் காட்டும் பொத்தானும் சேர்ந்து வருகின்றன. யோசிக்காமல் பத்து அசைவு போய்ப் பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் பத்தையும் திரும்ப எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால், 11982ஐத் தவிர எல்லாவற்றையும் வெல்லலாம், ஒன்றையும் கற்காமலே.

பாயில் பின்வாங்குவது எளிதல்ல என்பதால் ஒரு சிறிய ஏற்பாடு செய்துகொள்ளலாம். சீட்டுகளை விரித்ததும், ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன், ஒரு கொப்பியில் அந்த விரிப்பை ஏழு வரிகளாக எழுதி வையுங்கள்: முதல் ஆறு வரியில் எட்டெட்டுச் சீட்டுகள், ஏழாவது வரியில் நான்கு. இனத்துக்கு ஓர் எழுத்தும் பக்கத்தில் எண்ணும் போதும். சிக்கிக்கொண்டால் கட்டை அடுக்கிக் கலைக்காமல், கொப்பியைப் பார்த்து அதே விரிப்பைத் திரும்ப வைக்கலாம். எழுதுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்களில் ஒவ்வொரு சீட்டையும் கண் ஒரு தடவை தொட்டுப் போவதால், ஆஸ்களும் இரண்டுகளும் இருக்கும் இடம் தானாகவே மனதில் பதிந்துவிடும். என் மருமகள் இப்படி எழுதிய பக்கங்களில் சிலவற்றின் ஓரத்தில், எந்த நிரலை முதலில் வெறுமையாக்கினாள் என்பதையும் குறித்து வைத்திருக்கிறாள். தோற்ற விரிப்பைத் திரும்ப விரிக்கும்போது வேறு நிரலைத் தேர்ந்தெடுப்பாள். பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கும். காற்று வீசும் விறாந்தையில் விரிப்பதாயின், சீட்டுகளைப் பாதிக்கு மேல் ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி வையுங்கள். நிரல் பாரமாக இருந்தால் பறக்காது.

ஃபிரீசெல் கைக்கு வந்தபின் அதே பாயில், அதே விரிப்பில் பேக்கரின் ஆட்டத்தையும் முயன்று பார்க்கச் சொல்வேன். விதிகள் எல்லாம் ஒன்றே. நிறம் மாறி வைப்பதற்குப் பதிலாக இஸ்பேட்டின் மேல் இஸ்பேட், ஆட்டினின் மேல் ஆட்டின். ஃபிரீசெல்லில் ஒவ்வொரு சீட்டுக்கும் அமர இரண்டு இடங்கள் இருந்தன. இங்கே ஒன்றே ஒன்று. அதனால் நான்கு அறைகள் சட்டென்று நிறைந்துவிடும், எவ்வளவு கவனமாக விளையாடினாலும் ஏறக்குறைய நான்கில் ஒரு விரிப்புக்குத் தீர்வே இருக்காது. வெறும் நிரல் தரும் இருமடங்குக் கணக்கு இங்கும் அப்படியே செல்லும், அதன் அருமை இன்னும் கூடுதலாகத் தெரியும். நான்கு அறை போதாமல் திணறுகிறவர்கள் ஐந்தாவது ஒன்றுக்குப் பாயில் இடம் விட்டுத் தொடங்கலாம். அறைகளை ஒன்று முதல் பத்து வரை மாற்றிக்கொள்ளும் வசதியை அல்ஃபில்லே 1978இலேயே தமது ஆட்டத்துக்குள் வைத்திருந்தார்.